பூஜ்யம் போட்டவள்

அவள் பூஜ்யம் போட்டிருந்தாள்.

கோடு இழுக்கவில்லை. காலியாக விடவில்லை. சேர்க்கைப் படிவத்தில் 'முன் வேலை அனுபவம்' என்ற கட்டத்துக்குள் வட்டமாக, நிதானமாக, ஒரு பூஜ்யம்.

அவனுக்கு அது பிடிக்கவில்லை.

மேலாண்மை முதுகலை படிக்க இந்தக் குளிர் ஊருக்கு வந்தவர்கள் யாரும் பூஜ்யம் போடுவதில்லை. கல்லூரி முடித்த கையோடு விமானம் ஏறியவன்கூட இரண்டு வருடம் என்று போடுவான்.

அவனே அப்படித்தான் போட்டிருந்தான்.

சிவகாசியில், தாய்மாமாவின் அட்டைப்பெட்டிக் கம்பெனியில், செயல்பாட்டு மேலாளர். பன்னிரண்டு பேர் கொண்ட குழுவை வழிநடத்தியவர். விரயத்தைப் பதினெட்டு சதவீதம் குறைத்தவர். சான்றிதழில் கையெழுத்துப் போடும்போது மாமா கேட்டார்: "யார்றா மாப்ள அந்தப் பன்னெண்டு பேரு? கம்பெனியில இருக்கறதே ஏழு பேருதானடா."

நூலகத்தின் மூன்றாவது மாடி. கண்ணாடி அறை. வகுப்பில் பெயர் போட்டுச் சேர்த்துவிட்ட நால்வர் குழு. அவன், வாணியம்பாடி அஸ்லம், கோயம்புத்தூர் பிரதீபா.

நான்காவதாக அவள். மணிமொழி.

காலையில்தான் மின்னஞ்சல் வந்திருந்தது. பல்கலைக்கழகம் எல்லாருடைய அனுபவத்தையும் சரிபார்க்கிறதாம். ஆளுக்குப் பத்து நிமிட நேர்காணல். திருப்தி இல்லையென்றால் சேர்க்கை ரத்து. விசாவும் அதன் பின்னாலேயே போய்விடும்.

மூவருக்கும் இன்று. மூன்று மணி முதல்.

அவளுக்கு இல்லை.

"நேத்தே அவளக் கூப்ட்டு அரை மணி நேரம் உக்கார வெச்சிருக்காங்க மச்சான்," அஸ்லம் அவன் காதருகே சொன்னான். "இன்னிக்கு நமக்கு மெயில் வருது. யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தான். நேற்று மாலை அவள். இன்று காலை மின்னஞ்சல். பூஜ்யம் போட்டவளுக்கு என்ன பயம்? யாரைப் பற்றி வேண்டுமானாலும் சொல்லலாம்.

அவள் தயிர்சாத டப்பாவை மூடினாள். மூடிய சத்தம்கூட எதையோ குறித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

பிரதீபாதான் கேட்டாள். "நேத்து உங்ககிட்ட என்னங்க கேட்டாங்க?"

"நம்பவே மாட்டேன்னுட்டாங்க. எல்லாரும் ரெண்டு, மூணுன்னு போட்டிருக்காங்க, நீ மட்டும் ஏன் பூஜ்யம், எதை மறைக்கறேன்னு." மணிமொழி சிரித்தாள். "அப்புறம் ஒரே கேள்விதான். காலைல ஆபீஸ் போனதும் வரிசையா என்னென்ன பண்ணுவீங்க, சாதாரணமா ஒரு நாளச் சொல்லுங்கன்னாங்க. வேலைக்கே போனதில்லையேன்னேன். விட்டுட்டாங்க. உங்களுக்கென்ன, கடகடன்னு சொல்லிருவீங்க."



மூன்று வருட ஏற்றுமதி ஒருங்கிணைப்பாளரான அஸ்லம், காலிக் கோப்பையிலிருந்து காபி குடித்தான்.

"மெயில் பாப்போம்," என்றாள் பிரதீபா. மணிமொழி ஆர்வமாகக் கேட்டாள்.

"அப்புறம்?"

"ரிப்ளை பண்ணுவோம்."

"அப்புறம்?"

பிரதீபா அவனைப் பார்த்தாள். அவன் வாய் முந்திக்கொண்டது.

"சாமி கும்பிட்டதும் பொரிகடலை குடுப்பாங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆயுத பூஜை தவிர வேறு எந்த நாளிலும் அவன் மாமா கம்பெனிக்குள் கால் வைத்ததில்லை.

பிரதீபா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க ஆபீஸ்ல சுண்டலும் உண்டுங்க," என்றாள் மெதுவாக.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வாரமாக அவர்களுக்குள் இருந்த மரியாதை சத்தமில்லாமல் எழுந்து வெளியே போயிற்று.

மணி இரண்டு இருபது.

மணிமொழி எழுந்தாள். கதவைச் சாத்தினாள்.

இதோ, என்று நினைத்தான். இனி கைபேசியை எடுப்பாள், போட்டுக்கொடுக்க.

அவள் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க மூணு பேரும் ஊருக்குப் போயிட்டா எனக்கு டீம் இல்ல. டீம் இல்லன்னா நான் பாஸ் இல்ல," என்றாள். "எங்கம்மா தாலுகா ஆபீஸ்ல டைப்பிஸ்ட். முழுப்பரீட்சை லீவெல்லாம் அங்கதான் கெடப்பேன். எழுதிக்கங்க. மொதல்ல ஃபேனப் போடுவாங்க."

மூன்று பேனாக்கள் குனிந்தன.

"ஐயோ, எல்லாரும் எழுதாதீங்க. மூணு பேரும் ஃபேனப் போட்டா சந்தேகம் வராதா? ஃபேன் பிரதீபாவுக்கு. அஸ்லம், நீங்க ரிஜிஸ்தர்ல கையெழுத்துப் போடுங்க." அவன் பக்கம் திரும்பினாள். "நீங்க ஜன்னலத் திறங்க."

செயல்பாட்டு மேலாளர் 'ஃபேன்' என்பதை அடித்துவிட்டு, 'ஜன்னல்' என்று எழுதிக்கொண்டார்.