வளைவில் கையாட்டிய பிள்ளை

"இன்டைக்கும் அந்தப் புள்ள அதே எடத்துலதான் நிக்கிது ராத்தா. சைக்கிளக் கண்ட ஒடன கைய ஆட்டுது."

றம்ஸிக்கு மூச்சு வாங்கியது. பள்ளிவாசல் கந்தூரிச் சோற்றுப் பார்சல்களோடு எல்கடுவப் பாதையில் ஏறிப்போன மனுஷன், பாதியைக்கூடக் கொடுக்காமல் பெட்டி சைக்கிளோடு திரும்பி வந்து நிற்கிறான். உக்குவளைச் சந்தியில் எவனையும் ஒற்றைக் கையால் தூக்கிப் போடுகிற உடம்புதான். பேய் என்று வந்துவிட்டால் மட்டும் அந்த உடம்பால் ஐந்து சதத்துக்குப் பிரயோசனமில்லை.

அவனுடைய ராத்தா ஜெஸ்லா, வெள்ளைச் சேலையில், வாசல் திரைக்கு உள்ளே நின்றாள். புருஷன் நுஹ்மான் மாரடைப்பில் மவுத்தானதிலிருந்து அவள் இத்தாவில் இருக்கிறாள். நாலு மாதமும் பத்து நாளும் வாசற்படி தாண்டக் கூடாது. அந்நிய ஆண் முகத்தில் விழிக்கக் கூடாது. கூடப்பிறந்தவன் என்பதால் றம்ஸியோடு பேசலாம்.

"புள்ளைக்கு எத்தன வயசு மட்டு இருக்கும்?"

"நாலு இருக்கும். பனி மூடிச்சு, திரும்பிப் பாத்தா ஆளக் காணல்ல. ஜின்னுதான், வேற என்ன?"

நாலு வயது. ஜெஸ்லாவின் மகள் இருந்திருந்தால் அவளுக்கும் அதே வயதுதான்.

பெட்ரோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில், பழைய இரும்பைப் பற்றவைத்து நுஹ்மான் செய்த சைக்கிள் அது. முன்னால் ஓர் ஆள் குந்தக்கூடிய பெரிய பெட்டி. பள்ளிவாசலுக்குச் சோற்றுக் கிடாரம், கல்யாண வீட்டுக்குச் சஹன் தட்டுகள், கோயில் தேருக்கு இளநீர் என்று ஊர்ச் சாமான் முழுக்க அதில்தான் போகும்.

வலி கண்டு, வாகனம் கிடைக்காமல், ஜெஸ்லாவை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அந்தப் பெட்டிதான். அவள் மயக்கம் தெளியுமுன், பிறந்த கையோடு இறந்துபோன மகளை வெள்ளைத் துணியில் சுற்றி அடக்கத்துக்குக் கொண்டுவந்ததும் அதே பெட்டிதான். மர்வா என்று பெயர் மட்டும் வைத்தார்கள். பெற்றவள் அந்த முகத்தைப் பார்க்கவேயில்லை.

அதற்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. போன வருஷம் நுஹ்மான் பெட்டிக்குள் சின்னதாக ஒரு பலகை அடித்து, அதன்மேல் பஞ்சு மெத்தையும் போட்டான். என்னத்துக்கு இது என்று கேட்டால் வாய் திறக்கவில்லை. மகளை மறக்க முடியவில்லை பாவம் என்று ஜெஸ்லாதான் அழுது தீர்த்தாள். அந்தச் சைக்கிளில் கருவாடும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு தேயிலைத் தோட்டப் பக்கம் யாவாரத்துக்குப் போவான், மழை பிடித்தால் மேலேயே தங்கிவிட்டு வருவான்.

"இத்தா முடிஞ்ச கையோட இந்தச் சனியன வித்துப்போடுவோம் ராத்தா."

"தொட்டுப் பாரு, கைய முறிச்சுப்போடுவேன். அந்தப் புள்ள எண்ட மகள்டா. வாப்பாட சைக்கிளுக்குக் காத்துக்கிட்டு நிக்கிறா."

"அஸ்தஃபிருல்லாஹ்! மவுத்தான புள்ள ரோட்டுல நிக்குமா? பள்ளி லெப்பைட காதுல விழுந்தா என்னத்தச் செல்லுவாரு?"

"செல்லட்டும். லெப்பைக்கு எண்ட வயிறு தெரியுமா?"

பேய் வந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்களைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். ஜெஸ்லா, அது வராமல் போய்விடுமோ என்று பயந்தாள். மழை கொட்டினால், பிள்ளை நனையுமே என்று சோறு இறங்காது. ஒரே ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், பிறகு அல்லாஹ் விட்ட வழி. படியைத் தாண்டிவிடலாமா என்று எத்தனையோ தடவை கால் துடித்தது. புருஷனுக்குச் செய்கிற கடைசிக் கடமை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

இத்தா முடிந்த அன்று பின்னேரம் அஸர் தொழுததும், அவளே போய்ப் பெட்டியில் ஏறி உட்கார்ந்தாள். றம்ஸி தெரிந்த ஓதலையெல்லாம் ஓதிக்கொண்டு மிதித்தான்.

தேயிலை தொடங்கும் வளைவில் பனி இறங்கியிருந்தது. றம்ஸி மணியை அடித்தான்.

பனிக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெண்பிள்ளை ஓடி வந்தாள். பெட்டியின் கொண்டியைத் தானாகவே தட்டித் திறந்து, உள்ளே ஏறி, ஜெஸ்லாவின் மடியில் சாய்ந்துகொண்டாள். றம்ஸி சைக்கிளை விட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றான்.

கன்னம் ஐஸாகக் குளிர்ந்திருந்தது. முகம் நுஹ்மானை உரித்து வைத்திருந்தது.

"உங்கட பேரென்ன மகள்?"

"மர்வா."

"யா அல்லாஹ்!" ஜெஸ்லா ஓவென்று அழுதாள். நெற்றி, கண், நாடி என்று முத்தமிட்டு முத்தமிட்டு ஓயவில்லை.

"உம்மா!" என்றது பிள்ளை. ஆனால் அது ஜெஸ்லாவைப் பார்த்துச் சொல்லவில்லை.

பாதைக்குக் கீழேயிருந்த வீட்டிலிருந்து ஒரு பெண் மேலேறி வந்துகொண்டிருந்தாள். இளம் வயது. உடம்பில் வெள்ளைச் சேலை. கிட்ட வந்தவள் ஜெஸ்லாவைப் பார்க்கவில்லை. சைக்கிள் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு அப்படியே நின்றாள்.

இது பேயும் இல்லை, ஜின்னும் இல்லை என்று ஜெஸ்லாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு மாதமாகக் கட்டிவைத்த ஆசை இடிந்துபோன ஆத்திரம் பொங்கி வந்தது.

"நீங்கள்லாம் ஒரு உம்மாவா? பச்சப் புள்ளைய இத்தன நாளாத் தனிய ரோட்டுல நிக்க விட்டுப்போட்டு, ஊட்டுக்குள்ள இருந்தீங்களா?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வெளிய வர ஏலாமப் போச்சு ராத்தா. எனக்கும் இன்டைக்கித்தான் இத்தா முடிஞ்சிச்சு."