ஒவ்வொரு டேபிளாகப் போகிறது

"மாப்ளே, சம்பள டேபிளைக் காணோம்டா!"

போனில் கத்தவும் முடியாமல், கத்தாமல் இருக்கவும் முடியாமல் தவித்தார் சாப்ட்வேர் சார். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் சாப்ட்வேர் சார்தான். சம்பளம், விடுப்பு, சரக்கு என்று சகல கணக்கையும் நடத்தும் மென்பொருள் அவர் பொறுப்பு. மறுமுனையில் அவர் மனைவியின் தம்பி. அந்தக் கணக்கெல்லாம் டேபிள் எனப்படும் அட்டவணைகளாகக் குடியிருக்கும் சர்வர் அறைக்கு, இரண்டு மாடி கீழே, அவன்தான் காவல். அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் இவரேதான்.

"காணோம்னா?" என்றான் மச்சினன்.

"திறந்தா, 'அப்படி ஒரு டேபிளே இல்லை'ன்னு சிவப்பு எழுத்துல வருது. நாளைக்குச் சம்பளம் போடணும்டா!"



"மாமா, நீங்க எதையும் தொடாதீங்க. வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா?"

எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். கண்ணாடிக்கு வெளியே கணக்குப் பிரிவு அம்மா கம்ப்யூட்டரில் எதையோ தட்டியபடி பக்கத்து சீட்டோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பாவம், இன்னும் விஷயம் தெரியாது. தெரிந்தால் ஆபீஸே ரெண்டுபட்டுவிடும்.

"ஒண்ணு சொல்றேன், உங்க அக்காகிட்டகூட மூச்சு விடாதே." குரலைத் தாழ்த்தினார். "நேத்து பழைய குப்பை டேபிளையெல்லாம் நான்தான் அழிச்சேன். யாரையும் கேக்கல. அதுல கை தவறி இதையும்..."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இடம் போதவில்லை என்று இவரிடம் யாராவது வந்து அழுதார்களா? இல்லை. துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு தானாகத்தான் போனார்.

"பேக்கப் இருக்குல்ல? எடுத்துப் போட்டுடுடா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"பாக்குறேன் மாமா."

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. சாருக்குப் போன உயிர் பாதி திரும்பியது. ஆயிரம் இருந்தாலும் சொந்தக்காரன் சொந்தக்காரன்தான்.

அந்தத் தெம்பில் விடுப்புக் கணக்கைத் திறந்தார். அப்படி ஒரு டேபிளே இல்லை.

"டேய், விடுப்பும் போச்சுடா! இப்பதான் பார்த்தேன், இருந்துச்சே!"

நேற்று அழித்ததென்றால் நேற்றே போயிருக்க வேண்டும். கண்ணெதிரே போகிறதென்றால்?

"மாப்ளே, இது நான் செஞ்சது இல்லடா. யாரோ உள்ள பூந்துட்டான்! உக்காந்து ஒண்ணொண்ணா அழிக்கிறான்!"

"மாமா, முதல்ல தண்ணி குடிங்க."

"தண்ணியா முக்கியம்? அவனைப் பிடிடா!"

சரக்கு டேபிள் போனது. வாடிக்கையாளர் டேபிள் போனது. வீட்டில் யாரோ ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துக்கொண்டே நம் அறையை நோக்கி வருவது போலிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பழி யார் தலையில் விழும்? நேற்றுத் துடைப்பத்தோடு திரிந்தவன் தலையில்தான். இந்த வயதில் எவன் வேலை கொடுப்பான்? மகள் இப்போதுதான் கல்லூரியில் காலெடுத்து வைத்திருக்கிறாள். அவருக்கு அழுகை முட்டியது.

"நான் மேனேஜர்கிட்ட போறேன்டா. கால்ல விழுந்தாவது..."

"வேணாம் மாமா! போகாதீங்க!" மச்சினன் குரல் நடுங்கியது. "அங்க மட்டும் இப்பப் போகாதீங்க."

"ஊழியர் டேபிள் ஒண்ணுதான்டா பாக்கி. அதையாவது காப்பாத்து. அவன் எங்க உக்காந்திருக்கான்னு உனக்குத் தெரியாமலா இருக்கும்? கையைப் பிடிச்சு நிறுத்துடா!"

மறுமுனையில் கீபோர்டு ஒருமுறை தட்டி ஓய்ந்தது. திரையில் ஊழியர் டேபிளும் இல்லை.

"போச்சு. எல்லாமே போச்சுடா."

"எதுவும் போகல மாமா." மச்சினன் அழுதேவிட்டான். "எல்லா டேபிளும் இருந்த இடத்துலயே இருக்கு. பாக்க அனுமதி இல்லாத ஆளுக்கு 'இல்லை'ன்னுதான் வரும். ஆட்குறைப்புன்னு காலையில மேனேஜர்கிட்டருந்து உத்தரவு வந்துச்சு. வேலையை விட்டு எடுக்குற ஆளுக்கு, சொல்றதுக்கு முன்னாடியே அனுமதியைப் பறிச்சிடணும்னு விதி போட்டதே நீங்கதானே? ஒரே அடியாப் பறிக்கக் கை வராமத்தான் மாமா, நான் ஒண்ணொண்ணா எடுத்தேன்."