திரும்ப அழைக்கப்பட்ட மஞ்சள் சைக்கிள்

பிரேக்கில் கோளாறு என்று, விற்ற சைக்கிள்களைக் கம்பெனி திரும்ப அழைத்ததும், ஊரிலிருந்த அந்தக் குழந்தைகள் சைக்கிள்களெல்லாம் தாமாகவே கிளம்பின. வினோதினி வீட்டு வாசலில் நின்ற மஞ்சள் சைக்கிளும் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டு நகர்ந்தது.

அவள் மகள் ஆதிரா போன வருடம் மேம்பாலச் சரிவில் அந்தச் சைக்கிளிலிருந்து விழுந்துதான் இறந்துபோனாள். அடங்காத பிள்ளை, கண்மண் தெரியாமல் ஓட்டியிருப்பாள் என்றே எல்லோரும் பேசினார்கள்.

பிள்ளையிடம் பழகிய சைக்கிள், அவள் ஓட்டுகிற மாதிரியே இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து தெருமுனையில் திரும்பியது. வினோதினி செருப்புக்கூடப் போடாமல் பின்னால் ஓடினாள்.

“போனா போகட்டும், விடு வினோ!” என்று கூப்பிட்டுக்கொண்டே கணவன் சேதுவும் வந்தான்.

மேம்பாலச் சரிவில் சைக்கிள் வேகமெடுத்தது.

“நில்லுடி தங்கம்!” என்று தன்னையறியாமல் கத்தினாள்.

சைக்கிளுக்கு அந்தக் குரல் தெரியும். கைப்பிடியிலிருந்த பிரேக் இரண்டும் இறுக அழுந்தின. விட்டு, மறுபடி மறுபடி அழுந்தின. சக்கரங்கள் நிற்கவே இல்லை.

வினோதினி நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சிரைக்க வந்த சேதுவின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏங்க, நம்ம புள்ள பிரேக் புடிச்சிருக்கா” என்றாள். “விடாம புடிச்சிருக்கா.”