மாப்பிள்ளை நுழையும்போது

"அப்பா, கையை எடுங்க! இப்ப வாசிக்கப்போறது நீங்களா, நானா?"

மகள் அதட்டியதும் கீபோர்டுக்காரர் கையை எடுத்தார். எடுத்த கை சும்மா இருந்தால்தானே? மறுபடியும் பட்டனுக்கே போனது.

மேடை ஓரத்தில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த ஒலிபெருக்கிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. அவரை எல்லாரும் 'ஹலோ' என்றுதான் கூப்பிடுவார்கள். மைக்கைப் பிடித்து "ஹலோ, ஹலோ" என்று சொல்லிச் சொல்லியே சொந்தப் பெயரைத் தொலைத்தவர். வழக்கமாக வருகிற ஆளுக்குக் காய்ச்சல் என்று இவரை அனுப்பியிருந்தார்கள். இந்த அப்பாவையும் பெண்ணையும் இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறார்.

"சரி, வாசிச்சுக் காட்டு, பாப்போம்" என்றார் அப்பா.

மகள் வாசித்தாள். கீபோர்டிலிருந்து புல்லாங்குழல் சத்தம் அழகாகத்தான் கிளம்பியது. பாட்டு கீழே இறங்குகிற இடத்தில் திடீரென்று 'பொம்' என்று ஒரு தடித்த சத்தம். நாற்காலிகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

"யாருங்க யானையை உள்ள விட்டது?" என்றார் ஹலோ.

"கீபோர்டை ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்கேன்" என்று அப்பா விளக்கினார். "இடது பக்கம் கனத்த பேஸ் சத்தம், வலது பக்கம் புல்லாங்குழல். இவ கட்டைவிரல் எல்லை தாண்டி அந்தப் பக்கம் போயிடுது. நான் வாசிச்சா தாண்டாது."

"நீங்க வாசிக்கலையே! எல்லையைத் தள்ளி வைங்க."

அப்பா முணுமுணுத்துக்கொண்டே பிரிக்கும் இடத்தை இரண்டு கட்டை இடப்பக்கம் தள்ளினார். மகள் மறுபடி வாசித்தாள். யானை வரவில்லை.

"ஆனா குழல் மட்டும் தனியா, நோஞ்சானாட்டம் கேக்குதுப்பா."

"அதுக்குத்தான் லேயர் இருக்கு!" அப்பாவின் முகம் மலர்ந்தது. புல்லாங்குழலோடு வயலின் கூட்டத்தைச் சேர்த்தார். "ஒரே கட்டையில ரெண்டு சத்தம். தொட்டதும் குழல் வந்துடும். வயலின் பின்னாலயே மெதுவா வந்து சேரும்."

"புரியுது சார். வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல தயாரா நிப்பாரு. அம்மா நிதானமா அலங்காரத்தை முடிச்சுட்டு வந்து சேருவாங்க. அதானே?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவின் காது மடல் சிவந்தது.

"ஏன் பாப்பா, சார் இருக்கும்போது நீ எதுக்கு வாசிக்கணும்?" என்றார் ஹலோ.

"மாப்பிள்ளை உள்ள வர்ற நேரத்துல அப்பா இங்க உட்கார முடியாதுண்ணே. வாசல்ல நிக்கணும்."

நியாயம்தான் என்று ஹலோவுக்குப் பட்டது. பெண்ணைப் பெற்றவருக்கு வாசலில் ஆயிரம் வேலை. கல்யாணப் பெண்ணே வாசிக்கப்போவதிலும் அவருக்கு வியப்பில்லை. ஆடிக்கொண்டே வந்த பெண்ணைப் பார்த்திருக்கிறார். மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்த பெண்ணையும் பார்த்திருக்கிறார்.

"மாப்பிள்ளை எப்படி?"

"தங்கமானவர்ண்ணே. ஆனா மகா கூச்சம். நாலு பேர் முன்னால நிக்கணும்னா கைகால் உதறும். மனசு நிறைய ஆசையை வச்சுக்கிட்டு வாயே திறக்கல. கடைசியில நான்தான் போய்ப் பேசி முடிச்சேன்."

"அட, நீயேவா?"

"பின்னே? அவரை நம்பியிருந்தா அடுத்த ஜென்மத்துலதான் நடந்திருக்கும்."

'பொம்' என்றது கீபோர்டு. இந்தத் தடவை அழுத்தியவர் அப்பா.

"அது வந்து..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"நீங்க வயலினைக் குறைங்கப்பா. குழலை அமுக்குது."

அவர் குறைத்தார். எல்லாவற்றையும் ஒரு பட்டனில் பதிந்துவைத்தார். பதிந்ததா என்று அழுத்திப் பார்த்தார். சந்தேகம் தீராமல் இன்னொரு முறை அழுத்தினார். அதைப் பார்த்து ஹலோவுக்கு மனசு இளகிவிட்டது.

"அம்மா எங்க பாப்பா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இல்லண்ணே. நான் ஸ்கூல் படிக்கும்போதே போயிட்டாங்க. அப்பாவும் நானும்தான்."

"நீயும் கிளம்பிட்டா இவர் தனியாளாச்சே!"

அவள் முகத்திலிருந்த குறும்பு ஒரு கணம் ஒதுங்கி நின்றது. "அந்தக் கவலைதாண்ணே எனக்கும்" என்றாள்.

ஹலோ போய்க் கீபோர்டுக்காரரின் தோளைத் தட்டினார். "கலங்காதீங்க சார். எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான். இன்னைக்கு ஒரு நாள் சிரிச்ச முகமா நில்லுங்க. வீடியோவுல நல்லா விழணும்ல?"

"நான் பேசாம இங்கயே உட்கார்ந்து வாசிச்சுடறேனே" என்றார் அவர் பரிதாபமாக. "இதுக்குப் பின்னால இருந்தா எனக்குப் பயமே வராது."

"கதையே வேண்டாம்" என்று மகள் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்து உட்கார்ந்துகொண்டாள்.

கூடம் நிரம்பியது. விளக்குகளைக் குறைத்தார்கள். வாசலில் இருக்க வேண்டியவர் இன்னும் கீபோர்டை விட்டு நகரவில்லை.

அலங்கார அறையின் கதவு திறந்தது. ஓர் அம்மாள் தலையை நீட்டினாள். "பொண்ணு ரெடி! மாப்பிள்ளையைச் சீக்கிரம் வரச் சொல்லுங்க!"

ஹலோ பதறிப்போனார். "என்ன பாப்பா, பொண்ணு ரெடிங்கறாங்க! நீ இங்க உட்கார்ந்திருக்கே?"

அவள் கட்டைகளை இறுகப் பிடித்திருந்த அப்பாவின் விரல்களை மெல்ல எடுத்துவிட்டாள். அவருடைய சட்டைக் காலரை நேராக்கினாள்.

"போங்கப்பா, உங்களைத்தான் கூப்பிடறாங்க."