அரை அங்குலம்

கதவு பாதி வழியில் கம்பளத்தைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு ஆனந்தமேரி இடுப்பால் ஒரு முட்டு முட்டிப் பார்த்தாள். அசையவில்லை. உடம்பை ஒடுக்கிக்கொண்டு இடுக்கு வழியாக உள்ளே நுழைந்தாள்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவதேன் இந்தக் கதவோட மல்லுக்கட்டுவ?" என்றார் கட்டிலில் கிடந்த அப்பா ராயப்பராஜ்.

"நாளைக்கு ஆசாரி வாராருப்பா. அடியில அரை அங்குலம் அறுத்துட்டாச் சரியாப் போயிரும்."

தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கி அவரைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தாள். துவண்டு கிடந்த கால்களை ஒவ்வொன்றாக எடுத்து நேரே நீட்டினாள். செம்பட்டியில் ஓடும் பஸ்ஸிலிருந்து விழுந்த நாள் முதல், நாலு வருஷமாக அவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

போன மாதம் அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்தபோது, அவர் ஜன்னலடியில் நெற்றி புடைத்துக் கிடந்தார். "தாகமா இருந்துச்சும்மா. கைய ஊனியே நகந்து பாத்தேன்" என்றார். அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குப் போகுமுன் ஏலம் விட்ட கம்பளம், மெத்தைபோலத் தடித்தது, லாரியில் மலையிறங்கி வந்து இந்த அறையை அடைத்துக்கொண்டது. இனி விழுந்தாலும் அடிபடாது.

"நா வேணா நாளைக்கு லீவு போடட்டாப்பா?"

"ஆசாரிக்காக எதுக்கு லீவு? நீ வாரதுக்குள்ள அவன் வேலய முடிச்சிட்டுப் போயிருவான்."

மறுநாள் காலையில் தாடிக்கொம்பிலிருந்து கருப்பணன் ஆசாரி வந்து சேர்ந்தார். இந்த வீட்டுக்கு முதல் தடவை. "தொணைக்கு வார மச்சானுக்குக் காச்சல் தாயி. நா மட்டுந்தேன்" என்று ரம்பத்தையும் இழைப்புளியையும் இறக்கி வைத்தார்.

"உள்ள அப்பா படுத்திருக்காரு. அவரு மேல தூசி படாமப் பாத்துக்கங்க." மணி ஆகிவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஆசிரியைகள் அறையில், அவள் மேசைமேல் ஒரு கல்யாணப் பத்திரிகை கிடந்தது. யாருக்கோ என்று பிரித்தாள். மணமகன், ரயில்வே குமாஸ்தா ஞானப்பிரகாசம். மணமகள், வத்தலக்குண்டில் யாரோ.

மறுபடியும் படித்தாள். எழுத்து மாறவில்லை.

"நீ உங்க அப்பாவப் பாரு மேரி. எத்தன வருஷமானாலும் நா இருக்கேன்" என்று கோயில் வாசலில் சொன்னவன். போன ஈஸ்டருக்குக்கூடச் சொன்னான். தபாலில் அனுப்பியிருக்கிறான், நேரில் வந்து சொல்ல முகமில்லாமல்.

தலைவலி என்று தலைமை ஆசிரியையிடம் சொல்லிவிட்டு மத்தியானமே புறப்பட்டாள். நாகல் நகர் கடைவீதியில் யாரோ "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை. திரும்பினால் அங்கேயே அழுதுவிடுவாள்.

வீட்டில் கதவு மாட்டி முடிந்திருந்தது. கொல்லையில் கருப்பணன் மரச்சீவலைக் கூட்டிக்கொண்டிருந்தார். அப்பா கழுத்துவரை போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"என்னம்மா, இன்னிக்கு இம்புட்டுச் சீக்கிரம்?" அவர் குரல் பதறியது.

அவள் பத்திரிகையை அவர் கையில் கொடுத்தாள். அவர் வாசித்துவிட்டு அதை மடித்துத் தலையணைக்கடியில் வைத்தார்.

"வாக்குக் குடுத்துட்டு மாறுற பய. அவனை நெனச்சு அழுவாத. நமக்கு நாம போதும்."

ஆனந்தமேரி அவர் காலடியில் உட்கார்ந்து, உணர்ச்சியில்லாத அந்தப் பாதங்களில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நாலு வருஷம் யாரிடமும் காட்டாத அழுகையெல்லாம் அன்றைக்கு வந்தது. அவனுக்காகத் தட்டிக்கழித்த வரன்கள், அவன் பேச்சை நம்பி எண்ணிய நாட்கள், எல்லாம் அதில் சேர்ந்து கரைந்தன.

"உலகத்துல நம்புறதுக்கு எனக்கு நீங்க ஒருத்தர்தாம்ப்பா."

அவர் கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்து, எட்டி அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். 'எனக்காக எவ்வளவு வேதனைப்படுகிறார்' என்று அவளுக்கு இன்னும் அழுகை பொங்கியது.

முகத்தைக் கழுவிக்கொண்டு, ஆசாரிக்கு ஒரு செம்பு மோர் கொண்டுபோனாள். போகிற வழியில் கதவை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தாள். கம்பளத்தில் ஒட்டாமல், உரசாமல், சுவர் வரைக்கும் போய் நின்றது.

"நல்லா வேல செஞ்சிருக்கீங்க. அம்புட்டும் தேக்கு, கல்லுக் கனம் கனக்கும். தொணைக்கும் ஆளில்ல. ஒத்தையாவா தூக்கிக் கீல்ல மாட்டுனீங்க?"

கருப்பணன் மோரைக் குடித்து முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒருத்தனால ஆகுமா தாயி? உங்க அப்பாருதேன் எந்திரிச்சு வந்து அந்தப் பக்கம் தூக்கிப் புடிச்சாரு."