வரிவிலக்கு

“உள்ள வேலை பார்க்குறாரே, அவர் உங்களுக்குச் சொந்தமா?” என்று ஆடிட்டர் கேட்டார்.

“இல்லை” என்றாள் முதலாளியம்மா. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஹோட்டல் படுக்கைவிரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த வரிவிலக்குக்கு முகம் தொங்கிப்போயிற்று.

அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. இந்த லாண்டரியில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. வேலையில்லாமல் இருக்கிற ஒருவரைச் சேர்த்துக்கொண்டால், அவர் சம்பளத்தின் மேல் முதலாளி கட்டவேண்டிய வரியை அரசாங்கம் ஒரு வருஷத்துக்கு விட்டுக்கொடுக்கும். அதற்காகத்தான் உங்களை எடுத்தேன் என்று சேர்ந்த அன்றே எல்லார் முன்னாலும் முதலாளியம்மா போட்டு உடைத்துவிட்டாள்.

பெயர் ஒட்டிக்கொண்டது. “வரிவிலக்கு, அந்த மூட்டையைப் பிரிங்க” என்று அவளே கூப்பிடுவாள், சிரிக்காமல்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. தொழிற்சாலையை மூடிய பிறகு அவன் ஏறி இறங்காத படி இல்லை. எந்தக் காரணத்துக்காகவோ ஒருத்தி நாளைக்கு வாங்க என்றாளே, அது போதும் என்றுதான் இருந்தான்.

போதாமல் போனது அவளால்தான்.

கஞ்சத்தனத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. சோப்புத்தூளை அளந்து கொடுப்பாள். ஆள் கொஞ்சம் நகர்ந்தால் ஃபேனை நிறுத்துவாள். ஆனால் இஸ்திரிப் பெட்டி பட்டு அவன் கை கொப்பளித்த அன்று, மருந்து போட்டு உட்காரவைத்துவிட்டு அவன் வேலையையும் சேர்த்துப் பார்த்தவள் அவள்தான். நாள் முழுக்கத் திட்டிக்கொண்டேதான் பார்த்தாள். அந்தத் திட்டு அவன் காதுக்கு அவ்வளவு சுகமாக இருந்தது.

நாற்பத்தைந்து வயதில் இப்படியும் ஒரு கிறுக்குப் பிடிக்குமா!

போன வாரம் கடையைப் பூட்டும்போது கேட்டேவிட்டான், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று.

அவள் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்று நடையைக் கட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது இல்லை என்கிறாள். ஆடிட்டர் கேட்டதற்கு அதுதான் சரியான பதில், பொய் ஒன்றும் இல்லை. இருந்தாலும், அவள் கணக்கில் தான் வெறும் வரிவிலக்குதானோ?

ஆடிட்டருக்கு ஏக குஷி. மிச்சமாகிற பணத்தில், அவள் ரொம்ப நாளாக ஏங்கிக்கொண்டிருந்த டிரையர் மெஷினுக்கு முன்பணம் கட்டிவிடலாம் என்றார். அவள் முகம் மலர்ந்ததைத் தடுப்பின் இடுக்கு வழியே அவன் பார்த்தான். பார்த்ததில் அவனுக்கும் சந்தோஷம். மனசு அப்படி, என்ன செய்வது.

“ஒண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. வருஷம் முடியறதுக்குள்ள அவர் உங்களுக்குச் சொந்தமாயிட்டா சலுகை போயிடும்” என்று சொல்லிவிட்டு, தன் ஹாஸ்யத்துக்குத் தானே சிரித்தார் ஆடிட்டர்.

சலுகைப் படிவத்தில் கையெழுத்துப் போடக் குனிந்தவள் நிமிர்ந்தாள். பேனாவை மூடினாள்.

“அப்ப இது வேண்டாங்க. முழு வரியையும் கட்டிடுறேன்.”

ஆடிட்டர் பதறிப்போனார். கைக்கு வந்ததை யாராவது விடுவார்களா, டிரையர் என்ன ஆகும், ஒரு வருஷம்தானே, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடுமே என்று அடுக்கிக்கொண்டே போனார்.

அவள் எழுந்து தடுப்பைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். வரிவிலக்கு பாதி மடித்த விரிப்போடு மரம் மாதிரி நின்றிருந்தான்.

“ஒரு வருஷமெல்லாம் என்னால காத்திருக்க முடியாதுங்க” என்று ஆடிட்டருக்குப் பதில் சொன்னாள், அவனைப் பார்த்துக்கொண்டே.