சாய்ந்து நின்ற படம்

பள்ளியின் கடைசி ஆண்டு நடன விருந்துக்காக நான் எடுத்த படத்தில், ஆரபி தன்னோடு வந்த பையனின் தோளில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா அவளையும் கூட்டிக்கொண்டு என் படக்கடைக்கு வந்து, கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். "ஊரில எல்லாருக்கும் அனுப்ப வேணும். பெடியனை மட்டும் எடுத்துவிடும் தம்பி."

முதலில் அவன் முகத்தை அழித்தேன், பிறகு கோட்டை, கடைசியாக அவள் கையைப் பிடித்திருந்த விரல்களை. பின்னாலிருந்த மேப்பிள் மரத்தை இழுத்து அந்த இடத்தை நிரப்பினேன். ஆரபி இப்போது காற்றின் மேல் சாய்ந்து நின்றாள்.

"விழப்போறாள் போல கிடக்கு. நிமித்திவிடும்."

நிமிர்த்தினேன்.

"ஆரைப் பாத்துச் சிரிக்கிறாள் எண்டு கேப்பினம்."

உதடுகளை மூடினேன்.

"இன்னும் கொஞ்சம் திருத்தினா என்னையும் எடுத்துவிடலாம் அப்பா" என்றாள் பின்னால் நின்ற ஆரபி.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையிலிருந்த படத்தை நெடுநேரம் பார்த்தார். "இது என்ர பிள்ளை இல்லை. முதல் படத்தையே போடும். பெரிசாப் போடும்" என்றார். பிறகு திரும்பாமலே கேட்டார்: "பெடியன்ர பேர் என்ன?"

கடைக்கு வெளியே நடந்துபோனவர்கள் நின்று பார்க்கும்படி ஆரபி அந்தப் பெயரைச் சொன்னாள்.